ஐந்து மாதம் இழுத்தாலும் அம்மாவின் சாலியைக் கெடுக்காத கராச்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கராச்சுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. போட அதை நடத்துகிற அண்ணைக்கு விருப்பமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் பக்கம் பழைய ஹொண்டா வைத்திருக்கிற ஆரையாவது பிடித்துக் கேட்டால் வழி காட்டுவார்கள். அம்மாவின் பழைய வண்டியைத் திருத்தி ஆறு வாரத்தில் தருகிறேன் என்று சொல்லிவிட்டு ஐந்து மாதம் எடுத்தார், அதில் இரண்டு மாதம் தொலைபேசியும் எடுக்கவில்லை. அப்படியிருந்தும் ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன்.

வண்டி, ஹொண்டா சாலி, 50 சிசி. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: மங்கி (1967), டாக்ஸ் (1969) என்று ஹொண்டா விட்ட குட்டி வண்டிகளுக்குத் தங்கச்சி மாதிரி 1972இல் ஜப்பானில் வந்தது. பத்து அங்குலச் சில்லு, கிளச் கைப்பிடி இல்லை, காலால் கியரைத் தட்டினால் போதும், சீலையோ பாவாடையோ கட்டிக்கொண்டு ஏறலாம். எண்பதுகளில் ஜப்பானில் பாவித்த வண்டிகளாக இலங்கைக்கு வந்து, ரீச்சர்மாரின் வண்டி என்றே பெயரெடுத்தது. எங்கள் அம்மாவும் ரீச்சர்தான்.

1990இல் யுத்தத்தோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபின் பெற்றோல் என்பது சின்னப் போத்தலில் ஒளித்து வைக்கிற சாமானாகிவிட்டது. அம்மாவின் சாலியும் ஊரில் எல்லா வண்டியையும் போல மண்ணெண்ணெய்க்கு மாறியது. காபரேட்டருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு உதைத்து ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். அதற்கென்று முன் தகரத்தின் உட்பக்கம் ஒரு சின்னப் போத்தல் தாங்கியை ஆரோ ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். வலது பக்கத் தகரத்தில் ஒரு நெளிவும் இருக்கிறது, அது 1995 ஒக்டோபர் யுத்த இடப்பெயர்வில், நாவற்குழிப் பாலத்தடிச் சனநெரிசலில், வண்டியில் மூட்டைகளைக் கட்டி அம்மா உருட்டிக்கொண்டு போனபோது பட்டது. இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், ஒரிஜினலாகத் திருத்தித் தாருங்கள் என்று கேட்டால் எது ஒரிஜினல் என்பதே எனக்கு அப்போது தெளிவில்லை.

2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்று, பிறகு கியூஆர் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் என்று ஆனபோதுதான் பின் கொட்டிலில் கிடந்த சாலி ஞாபகம் வந்தது. முதலில் கொண்டுபோனது வேறோர் இடம், அதன் பெயர் வேண்டாம். நல்ல மினுங்குகிற கடை. அவர்கள் சொன்னது: பழைய எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு சீன 110 சிசி எஞ்சின் பூட்டலாம், போல்ட் பூட்டுகிற இடங்கள் அதேதான், அப்படியே இருக்கும். உண்மைதான், சிலிண்டர் படுத்தபடி இருக்கிற அந்த எஞ்சின் குடும்பத்தில் அனேகமானவை ஒன்றுக்கொன்று பொருந்தும். ஆனால் எஞ்சின் இலக்கம் மாறினால் வாகனப் புத்தகத்தோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைய வேண்டும் என்பதை அவர்கள் சொல்லவில்லை. நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்த இடைவெளியில் சீற்றுக்குப் புதுச் சிவப்பு ரெக்சின் போட்டுவிட்டார்கள், பழைய உறை குப்பைக்குப் போய்விட்டது! வண்டியை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

சுன்னாகத்து அண்ணை வண்டியைப் பார்த்தவுடன் ஸ்பானரை எடுக்கவில்லை. ஒரு வாங்கில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டே, இதை ஓடப் போறீங்களோ வைச்சுப் பாக்கப் போறீங்களோ என்று கேட்டார். ஓட என்றேன். பிறகு போத்தல் தாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது யப்பான்காரன் வைச்சது இல்லை, ஆனா இதை நான் வெட்டமாட்டன், வேணுமெண்டால் நீங்கள் வேற ஆளைப் பாருங்கோ” என்றார். எனக்கு அந்த இடத்திலேயே ஆளைப் பிடித்துப்போய்விட்டது.

எஞ்சின் வேலைக்கு முழு மதிப்பெண். 39 மில்லிமீற்றர் போர் (சிலிண்டரின் உள் விட்டம்), தேய்ந்திருந்தது, ஆனால் உள்ளே புது உருளை, அதாவது ஸ்லீவ், அடிக்கத் தேவைப்படவில்லை, அடுத்த அளவுக்குக் கடைந்து 0.25 மில்லிமீற்றர் பெரிய பிஸ்டன் போட்டார். ஹெட்டைக் கழற்றியபோது கீழே ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு காஸ்கட். மண்ணெண்ணெய்க்கு எஞ்சின் ‘நொக்’ பண்ணும், அதாவது உள்ளே தட்டுகிற சத்தம் வரும், அதனால் அமுக்கத்தைக் குறைக்க அந்தக் காலத்தில் செய்த வேலை என்று விளங்கப்படுத்தினார். பெற்றோலில் ஓட அது கூடாது, ஆகவே ஒன்றைத்தான் திருப்பிப் போட்டார், மற்றதை ஒரு பையில் போட்டு என்னிடம் தந்தார். தேவையென்றால் மாற்று, ஆனால் கழற்றியதை எறியாதே, இதுதான் அவருடைய முறை. எஞ்சினுக்கு ஒரு லீற்றருக்கும் குறைவாகத்தான் ஒயில் பிடிக்கும், மாற்றுவதற்கு வடிகட்டி என்று தனியாக ஒன்றும் இல்லை, அதனால் ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருக்கா ஒயிலை மாற்றச் சொல்லி எஞ்சின் பக்கத்திலேயே சோக்கால் திகதி எழுதிவிட்டார். (மழையில் அழிந்துவிட்டது, நான் கையில் குறித்து வைத்திருக்கிறேன்.)

ஒரு எச்சரிக்கை, வீட்டில் சில்லைக் கழற்றப் போகிறவர்களுக்கு. சாலியின் ரிம் இரண்டு பாதியாக வந்து போல்ட்டால் சேர்த்தது. ரியூப்பில் காற்று இருக்கும்போது அந்த போல்ட்டுகளைத் தளர்த்தினால் ரிம் வெடித்துப் பறக்கும். முதலில் வால்வைக் கழற்றிக் காற்றை முழுசாக இறக்குங்கள். அண்ணை தன் பெடியனுக்கு இதை என் முன்னாலேயே மூன்று தரம் சொன்னார்.

இனிப் பெயிண்ட். இதில்தான் நானும் அவரும் சண்டை பிடித்தோம். வெயிலில் வெளிறிப்போன அந்த நிறத்தை நான் சிவப்பு என்றே நினைத்திருந்தேன், சீற்றைத் தூக்கிப் பார்த்தால் வெயில் படாத இடத்தில் செம்மஞ்சளுக்குக் கிட்டவான ஒரு நிறம், பழுத்த பனம்பழத் தும்பு மாதிரி. அதை வைத்துத்தான் நிறம் கலந்தார், நன்றாக வந்திருக்கிறது. ஆனால் நான் வண்டி முழுக்க அடிக்கக் கேட்டேன், அவர் கறள் பிடித்த இடங்களுக்கு மட்டும் அடித்து மிச்சத்தை மெழுகு போட்டுத் துடைத்தால் போதும் என்றார். கடைசியில் பாதிப் பாதியாக ஒத்துக்கொண்டோம். வலது பக்கத் தகரத்தின் நெளிவைத் தட்டி நிமிர்த்துவதா விடுவதா என்று அம்மாவிடம் கேட்டேன், அவ அது கிடக்கட்டும் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டா. இப்போது கிட்ட நின்று பார்த்தால் பழையதும் புதியதும் சந்திக்கிற கோடு தெரிகிறது. எனக்கு அது உறுத்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். பக்கத்தில் ஒட்டுகிற எழுத்து ஸ்ரிக்கர் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கியது, எழுத்தின் தடிப்பு பழையதைவிடக் கொஞ்சம் கூட, தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

குறைகள் என்று பார்த்தால், மின்சார வேலைதான் பலவீனம். இது ஆறு வோல்ட் வண்டி, மெதுவாக நிற்கும்போது வெளிச்சம் மங்குவது அதன் பிறவிக் குணம், அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றவா என்று அவரே கேட்டார், நான்தான் வேண்டாம் என்றேன், இப்போது இரவில் பருத்தித்துறை வீதியில் போகும்போது குப்பி விளக்கைப் பிடித்துக்கொண்டு போவது போல இருக்கிறது. ஆனால் இன்டிகேட்டர் இடது பக்கம் விட்டு விட்டு எரிந்தது, எர்த் வயரைச் சரியாகப் பிடிக்காததால். அது அவருடைய பிழை. இரண்டாம் தரம் கொண்டுபோனபோது காசு வாங்காமல் சரிசெய்தார். பிறேக் இரண்டும் டிரம், புதுச் ‘சூ’ போட்டும் இன்றைய ஸ்கூட்டர் மாதிரிப் பிடிக்காது, முன்னால் போகிறவரோடு இடைவெளி விட்டுத்தான் ஓட வேண்டும்.

செலவு மொத்தம் ஒரு இலட்சத்து முப்பத்தெட்டாயிரம் ரூபா, சாமான் உட்பட. பற்றுச்சீட்டு கிடையாது, ஒரு கொப்பித் தாளில் கணக்கு எழுதித் தந்தார், அதில் ‘பல சாமான்’ என்று ஒரு வரிக்கு ஒன்பதாயிரம். என்ன பல சாமான் என்று கேட்டேன், ஒவ்வொன்றாக வாயாலே ஒப்புவித்தார், சரியாகத்தான் இருந்தது, ஆனால் எழுதித் தந்தால் என்ன? முற்பணமாக முழுத் தொகையையும் கொடுக்காதீர்கள், பாதி போதும். படம் எடுத்துப் போடுவதற்காகப் பளபளவென்று வேண்டுமானால் இவரிடம் போகாதீர்கள், உங்களுக்கும் கரைச்சல் அவருக்கும் கரைச்சல்.

அம்மாவுக்கு இப்போது அறுபத்தெட்டு. ஒழுங்கை முடிவு வரை ஓடிப் பார்த்துவிட்டு வந்து, சத்தம் அதேதான், சீற்றுத்தான் ஆருடையதோ மாதிரி இருக்கு என்றா. சிவப்பு ரெக்சினைக் கழற்றிக் கறுப்புப் போட அடுத்த மாதம் அண்ணையிடம் போகிறேன், அடுத்த மாதம் என்று அவர்தான் சொன்னார், பார்ப்போம்.