பழைய 48 அடி ஸ்ப்ரெட் ஆக்சில் பிளாட்பெட் டிரெய்லர்: ஓட்டியவன் கருத்து

அமெரிக்காவில் இரும்புச் சுருள் ஏற்றி ஓடிய காலத்தில் நான் இழுத்த டிரெய்லர்களிலேயே மனசுக்குப் பிடித்தது பக்கச் சுவரும் கூரையும் இல்லாத இந்தத் தட்டை டிரெய்லர்தான். பின் ஆக்சில் (சக்கர அச்சு) இரண்டும் ஒன்றுக்கொன்று பத்தடிக்குமேல் தள்ளி நிற்பதால் இன்டர்ஸ்டேட் எனும் மாநிலங்களுக்கிடையேயான நெடுஞ்சாலைகளில் ஒவ்வொரு ஆக்சிலுக்கும் 20,000 பவுண்டு, ஆக 40,000 வரை பாரம் அனுமதி. பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்த ஆக்சில் ஜோடிக்கு 34,000தான். மொத்த எடை 80,000க்குள் இருந்தால் சரி, எடைமேடையில் பாரம் பின்னால் கூடிவிட்டதே என்ற தலைவலி பெரும்பாலும் இல்லை.

ஆனால் டயரைத் தின்னும். குறுகலான யார்டில் ஒடித்துத் திருப்பினால் சக்கரம் பக்கவாட்டில் இழுபட்டு, தாரில் கறுப்புக் கோடு விழும், ரப்பர் தீய்ந்த வாடை வரும். அதனால் ஆக்சிலுக்கு மேலே பாரத்தைத் தாங்கும் காற்றுப் பையிலிருந்து காற்றை வெளியேற்றும் டம்ப் வால்வு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். திருப்பும் முன் ஒரு ஆக்சிலின் காற்றுப் பையை இறக்கினால் பாரம் மற்றதுக்குப் போய்விடும், டயர் பிழைக்கும்; அப்புறம் மறக்காமல் காற்றை ஏற்றிவிடுங்கள். நகரத்துச் சந்துகளில்தான் வேலை என்றால் வேண்டாம், நெடுஞ்சாலையில் கனச்சரக்கு என்றால் தாராளமாக எடுக்கலாம்.