4.5 கெல்வினா, 1.9 கெல்வினா?

கெல்வின் என்பது −273 டிகிரி செல்சியஸைப் பூஜ்ஜியமாக வைத்து எண்ணும் அளவு. கேட்டால் இரண்டரை டிகிரிச் சொச்சம்தான் வித்தியாசம், ஆனால் துகள் முடுக்கிகளின் மீக்கடத்திக் காந்தங்களை (மின்தடையே இல்லாத கம்பியால் ஆனவை) திரவ ஹீலியத்தால் குளிர்விப்பவர்களுக்கு இதில் கரண்டு பில்லே மூன்று நான்கு மடங்காகிவிடும். அந்தக் குளிரிலிருந்து ஒரு வாட் வெப்பத்தை வெளியேற்ற, ஏட்டுக்கணக்குப்படி 4.5 கெல்வினில் 66 வாட் மின்சாரம் போதும், 1.9ல் 157 தேவை. நடைமுறையிலோ முந்தையது சுமார் 250, பிந்தையது சுமார் 900.

அமெரிக்காவின் முடுக்கிகளான டெவட்ரான் (1983 முதல் 2011 வரை ஓடியது), ரிக் (RHIC) இரண்டும் 4.5 கெல்வின் பக்கம். காற்றழுத்தத்தில் ஹீலியம் 4.2 கெல்வினில் கொதிக்கும், அதற்குச் சற்று மேலே நின்றுகொண்டால் சுற்று முழுக்க அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கூடுதலாகவே இருக்கும். எங்காவது கசிந்தால் ஹீலியம் வெளியே போகும், நஷ்டம்தான், ஆனால் காற்று உள்ளே வந்து உறைந்து குழாயை அடைக்காது.

1.9க்கு இறங்க ஹீலியத்தின் ஆவியழுத்தத்தைச் சுமார் 16 மில்லிபாருக்கு, அதாவது காற்றழுத்தத்தில் அறுபதில் ஒரு பங்குக்குக் கொண்டுபோக வேண்டும். அவ்வளவு மெல்லிய வாயுவை அறை வெப்பநிலை பம்புகளால் இழுப்பதென்றால் அவை பூதாகாரமாகிவிடும், அதனால் குளிரிலேயே சுழலும் கம்ப்ரஸர்கள் வைக்கிறார்கள். அப்புறம் ஏன் ஜெனீவாவில் எல்.ஹெச்.சி. (LHC) என்ற பெரிய முடுக்கிக்கு 1.9ஐத் தேர்ந்தெடுத்தார்கள்? சுரங்கம் ஏற்கெனவே தோண்டியாகிவிட்டது, அதற்கு முன்பிருந்த எல்.இ.பி. (LEP) முடுக்கிக்காகத் தோண்டிய அதே 27 கிலோமீட்டர். வளையம் பெரிதாகாது என்றால், துகள்களின் ஆற்றலைக் கூட்ட அவற்றை வளைக்கும் காந்தப்புலத்தைத்தான் கூட்ட முடியும். டெவட்ரானின் 4 டெஸ்லாச் (காந்தப்புல அலகு) சொச்சக் காந்தங்களை அங்கே அடுக்கியிருந்தால் பாதி ஆற்றல்தான் கிடைத்திருக்கும். காந்தச்சுருளின் நயோபியம்-டைட்டானியக் கம்பி மீக்கடத்துத்தன்மையை இழக்காமல் 8.33 டெஸ்லாவைத் தாங்க அதை 1.9க்கு இறக்கியே ஆக வேண்டும்.

கூடவே ஒரு லாபம்: 2.17 கெல்வினுக்குக் கீழே ஹீலியம் மீப்பாய்மமாகிவிடுகிறது (உராய்வே இல்லாமல் ஓடும் திரவம்), கம்பிச்சுருளின் இண்டு இடுக்கெல்லாம் புகுந்து, செம்பெல்லாம் பக்கத்தில்கூட வர முடியாத வேகத்தில் வெப்பத்தைக் கடத்திப்போகிறது. இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. காந்தங்கள் காற்றழுத்தத்தை ஒட்டிய மீப்பாய்மத்தில்தான் மூழ்கியிருக்கின்றன, 16 மில்லிபார் என்பது அவற்றினூடே ஓடும் வெப்பப் பரிமாற்றக் குழாய்க்குள் மட்டும்.

என்னைக் கேட்டால், சுரங்கத்தைப் பெரிதாகத் தோண்ட இடமும் காசும் இருந்தால் 4.5தான் என் ஓட்டு. எல்.ஹெச்.சி.காரர்களும் தேவையில்லாத இடத்தில் குளிரை வீணாக்கவில்லை, அதே சுரங்கத்தில் உள்ள 400 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைக் குழிகள் (துகள்களுக்கு வேகமூட்டுபவை) 4.5 கெல்வினிலேயே ஓடுகின்றன.