பல்ஸ் வாட்சா, டைமரா? நாட்பட்ட சோர்வு நோயில் எது தாக்குப்பிடிக்கும்

நாட்பட்ட சோர்வு நோயோடு நாளை ஓட்ட ‘பேஸிங்’தான் அடிப்படை. இருக்கிற தெம்புக்குள் வேலையை அடக்கி வைப்பது என்று அர்த்தம். இதில் இப்போது பெரிய சர்ச்சை இல்லை. உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சையை 2007-இல் பரிந்துரைத்த பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பே, 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அதைக் கைவிட்டுவிட்டது. மிச்சமிருக்கும் கேள்வி ஒன்றுதான்: எங்கே நிறுத்த வேண்டும் என்பதை எதை வைத்து முடிவு செய்வது? நாடித்துடிப்பைக் காட்டும் பல்ஸ் வாட்ச், நேரம் முடிந்ததும் மணி அடிக்கும் டைமர், இரண்டையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு நான் டைமர் பக்கம் வந்துவிட்டேன்.

‘களைப்பு வந்தால் உட்கார வேண்டியதுதானே, இதற்கு எதற்குக் கருவி?’ என்று கேட்பார்கள். இந்த நோயில் களைப்பு நேரத்துக்கு வந்து சொல்வதில்லை. அளவுக்கு மீறிச் செய்ததன் விளைவு பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அப்புறம் நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் படுக்கை. வேலை செய்யும்போது உடம்பு நன்றாகத்தான் இருக்கும். அதனால்தான் வெளியிலிருந்து ஒரு கணக்கு தேவைப்படுகிறது.

வாட்ச் தரும் கணக்கு நாடித்துடிப்பு. 220-இலிருந்து வயதைக் கழித்து, வருவதில் 60 சதவீதத்தை எல்லையாக வைப்பது பலரும் பின்பற்றும் வழி. நாற்பது வயதுக்காரருக்கு நிமிடத்துக்கு 108. ஓய்வு நாடியோடு, அதாவது சும்மா இருக்கும்போது உள்ள துடிப்போடு, 15-ஐக் கூட்டி வைத்துக்கொள்வது இன்னொரு வழி. இது இன்னும் கறாரானது. எல்லை தாண்டினால் வாட்ச் அதிரும், உட்கார்ந்துவிட வேண்டும். மணிக்கட்டில் கட்டுவதைவிட மார்புப் பட்டை துல்லியமானது. ஆனால் நாள் முழுக்க மார்பை இறுக்கிக்கொண்டு யார் இருப்பார்கள்?

வாட்ச் சொல்லிக் கொடுப்பது நிறைய, மறுக்கவில்லை. நின்றபடி வெந்நீரில் தலைக்குக் குளித்தபோது எனக்கு எல்லை தாண்டியது, மெதுவாக நடந்தபோது தாண்டவில்லை. வெந்நீரில் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, கைகள் தலைக்கு மேல் இருக்கின்றன, உடம்பு நிமிர்ந்து நிற்கிறது. மூன்றும் சேர்ந்து இதயத்தை ஓடவைக்கின்றன. ஸ்டூல் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீருக்கு மாறியதும் அதே குளியல் எல்லைக்குள் வந்துவிட்டது. இதை டைமர் காட்டிக் கொடுத்திருக்காது.

டைமரின் முறை எளிமையானது. நல்ல நாளில் எவ்வளவு முடிகிறது என்று பார்க்கக் கூடாது. சுமாரான நாளில் தொந்தரவில்லாமல் செய்ய முடிகிற நேரத்தை எடுத்து, அதிலும் கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டும். பத்து நிமிடம் வேலை என்றால், மணி அடித்ததும் அதே அளவு படுத்து ஓய்வு. போன் பார்ப்பது ஓய்வில் சேராது. துணி மடிக்கும்போது மணி அடித்தால், கையில் இருக்கும் சட்டையையும் குவியலின் மேலேயே போட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும். ‘இன்னும் நாலுதானே’ என்று தோன்றும் பாருங்கள், டைமர் வைப்பதே அந்த நாலுக்காகத்தான்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. வாட்சுக்குச் சார்ஜ் போட வேண்டும், செயலியோடு இணைக்க வேண்டும், பட்டையைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் தோல் அரிக்கும். ஆரோக்கியமானவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா? நமக்கு வேலைதான். திரையைப் பார்த்து எண்களைப் புரிந்துகொள்வதற்கும் இதே தெம்பிலிருந்துதான் செலவாகிறது. கிராஷ் ஆன அன்று, அதாவது அளவு மீறியதன் விளைவாகப் படுக்கையில் விழுந்து, கருவி மிகவும் தேவைப்படும் அன்று, சார்ஜரைத் தேடக்கூட எழ முடியாது. சில நாட்களில் எழுந்து நின்றாலே வாட்ச் அதிரும். அதைப் பார்த்து வரும் பதற்றத்தில் துடிப்பு இன்னும் ஏறும். டைமருக்கு ஒரு திருகு போதும். வீட்டில் இருப்பவர்களுக்கும் மணி கேட்கும், ‘போதும், படு’ என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று, மூளை வேலை. படிவம் நிரப்புவது, நீண்ட போன் பேச்சு, கணக்கு வழக்கு. இவற்றில் துடிப்பு பெரிதாக ஏறாமலே போகலாம், மறுநாள் மட்டும் ஆளைச் சாய்த்துவிடும். வாட்சுக்கு அது வெறுமனே உட்கார்ந்திருப்பது. டைமருக்கோ போன் பேச்சும் பத்து நிமிடம்தான்.

அதற்காக எல்லோரும் வாட்சைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ‘பாட்ஸ்’ எனப்படும் கோளாறு சேர்ந்திருப்பவர்களுக்கு, அதாவது எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள் துடிப்பு 30 அல்லது அதற்கு மேல் ஏறிவிடுபவர்களுக்கு, அது காட்டும் எண்கள் மருத்துவரிடம் பேசவே உதவும். பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது, மாத்திரை துடிப்பையே இறக்கிவைத்திருக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் எந்த வேலை எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்துகொள்ள சில வாரம் வாட்ச் கட்டிப் பார்த்து, அந்த அனுபவத்தை வைத்து டைமரின் நிமிடங்களைக் குறித்துக்கொள்ளலாம். வாட்ச் இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது.

நான் பேசுவது வீட்டுக்குள் நடமாட முடிகிற நிலையைப் பற்றி மட்டும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு உட்காருவதும், ஏன், அறை வெளிச்சமும்கூட உழைப்புதான். அவர்களுக்கு எது சரி என்று சொல்லும் அனுபவம் எனக்கில்லை.

டைமர் வாங்குவதாக இருந்தால், சத்தம் மெல்லியதாக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், சத்தமே தாங்காதவர்கள் நம்மில் நிறைய. அதிர்வு மட்டும் உள்ளவையும் கிடைக்கின்றன. போனில் இருக்கும் டைமர் வேண்டாம். மணியை நிறுத்தப் போன கை நேராக வாட்ஸ்அப்புக்குப் போகும்.