மட்டக்களப்பும் திகாமடுல்லவும்: ஒரே கணக்கு, வேறு விளைவு

இலங்கையின் கிழக்கில் 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை தனி மாவட்டமானது; தேர்தல் மாவட்டமாக அதன் பெயர் திகாமடுல்ல. இன்று மட்டக்களப்புக்குக் கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என 3 தொகுதிகள், 5 நாடாளுமன்ற ஆசனங்கள். திகாமடுல்லவுக்கு அம்பாறை, சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் என 4 தொகுதிகள், 7 ஆசனங்கள்.

கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். முதலிடக் கட்சிக்கு 1 போனஸ் ஆசனம். 5 வீதத்துக்குக் குறைந்தவர்களின் வாக்குகளைக் கழித்து, மிச்சத்தை மட்டக்களப்பில் 4ஆல், திகாமடுல்லவில் 6ஆல் வகுப்பார்கள். வரும் எண்ணிக்கை ஒவ்வொரு முழுத் தடவைக்கும் கட்சிக்கு ஓர் ஆசனம். வகுத்து மிஞ்சும் ஆசனங்கள் பெரிய மீதி வாக்கு உள்ளவர்களுக்குப் போகும்.

தமிழர் பெரும்பான்மையான மட்டக்களப்பில் வாக்குப் பிரிந்தாலும் தமிழ்ப் பிரதிநிதித்துவம் முற்றாக அழியாது. 2024இல் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெறாத ஒரே மாவட்டமும் இதுவே: தமிழரசுக் கட்சி 3, முஸ்லிம் காங்கிரஸ் 1, தேசிய மக்கள் சக்தி 1.

திகாமடுல்லவில் தமிழர் எண்ணிக்கையில் மூன்றாவது சமூகம். அங்கே பிரிவுக்கு மன்னிப்பே இல்லை. 2020இல் முன்னாள் விடுதலைப் புலித் தளபதி கருணா தனிக் கட்சியில் நிற்க, தமிழரசுக் கட்சி தலைமையிலான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அவரும் தனித்தனியே 5 வீதத்தைத் தாண்டினார்கள். ஆனால் இருவரின் வாக்கும் ஆசனத்துக்குப் போதவில்லை. காரைதீவு முதல் திருக்கோவில் வரை வரிசையில் நின்று போட்ட வாக்குகள் அவை! கடைசியில் தேசியப் பட்டியல்தான், அதாவது நாடளாவிய வாக்குக்கு ஏற்பக் கட்சி நியமிக்கும் ஆசனம்தான், கூட்டமைப்புக்குக் கைகொடுத்தது. 2024இல் தமிழரசு 1 ஆசனத்தை மீட்டது.