பாட்டில் ஏத்தவா, பாக்கெட் கரைக்கவா?

பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர், விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல் வந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து ஐந்து தடவை வயிற்றுப்போக்கு. "சிஸ்டர், ஒரு பாட்டில் ஏத்தி விடுங்க." தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓஆர்எஸ் பாக்கெட்டை நீட்டியதும் முகம் சுண்டிப்போனது. நர்ஸாக நான் அந்தப் பாக்கெட் பக்கம்தான் நிற்பேன்.

அவர் கேட்ட 5 சதவீத குளுக்கோஸ் பாட்டில் 500 மில்லியில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஐந்தாறு டீஸ்பூன். உப்பு துளியும் கிடையாது. ஆனால் வயிற்றுப்போக்கில் போவது தண்ணீரும் உப்பும். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டில் 13.5 கிராம் குளுக்கோஸோடு 2.6 கிராம் உப்பும், பொட்டாசியமும் இருக்கின்றன. குடலில் சர்க்கரை உப்பையும் சேர்த்து உள்ளே இழுக்கும், பின்னாலேயே தண்ணீர் போகும். பேதியாகும்போதும் இந்த வழி அடைபடாது. 1971-ல் வங்காளத்து பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, சலைன் பாட்டில்கள் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இதைப் போன்ற குளுக்கோஸ்-உப்புக் கலவையைத்தான் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது.

கரைப்பதில்தான் நம் ஊரில் கோளாறு. உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கரைத்தால் உப்பு கூடிவிடும். விலைக்கு வாங்கும் குடத்துத் தண்ணீர் என்றாலும் பரவாயில்லை, நல்ல தண்ணீர்தான் வேண்டும். பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர், சின்னதுக்கு 200 மில்லி. ஒரு டம்ளரில் பெரிய பாக்கெட்டைக் கொட்டிக் கலக்குவது ஆபத்து. வாந்தி வந்தால் பத்து நிமிடம் விட்டு, அப்புறம் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். கரைத்து 24 மணி நேரம் தாண்டினால் மீதியைக் கொட்டிவிடுங்கள்.

சரி, பாட்டில் எப்போது? கண் குழிந்து, குடிக்கவே முடியாமல் மயங்கிக் கிடந்தால், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டதும் மடிப்பு இரண்டு விநாடிக்கு மேல் நின்றால், உடனே ஏற்ற வேண்டும். அப்போதும் குளுக்கோஸ் மட்டும் உதவாது, உப்புகள் கலந்த ரிங்கர் லாக்டேட் பாட்டில்தான் முதல் தேர்வு. வேகம் கூடினால் நுரையீரலில் நீர் கோர்க்கும், ஊசி விலகினால் கை வீங்கும். பக்கத்தில் ஆள் இருந்து பார்க்க வேண்டிய வைத்தியம் அது.

நடுக்கடலில் அதற்கு வழியே இல்லை. படகில் தண்ணீர் கேன் ஏற்றும்போது நாலு பாக்கெட்டையும் நனையாமல் பாலித்தீன் பையில் சுற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், அண்ணே.