கணையத்து நீர்க்கட்டி: எடுத்துவிடுவதா, ஊசி போட்டுப் பார்ப்பதா?

சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனில்தான் என் கணையத்தின் வால் பகுதியில் 4 செ.மீ. நீர்க்கட்டி இருப்பது தெரிந்தது. வலி கிடையாது, மஞ்சள் காமாலை கிடையாது. ரத்தத்தில் சிஏ 19-9 (கணையப் புற்றுநோயில் கூடக்கூடிய ஒரு பொருள்) மட்டும் கூடுதல். முதலில் பார்த்த மருத்துவர் எடுத்துவிடலாம் என்றார். அடுத்தவர், அது என்ன கட்டி என்று முதலில் தெரியட்டும் என்றார். நான் அவர் சொன்னதைக் கேட்டேன். மூன்று வருடமாகிறது.

எடுத்துவிட்டால் கட்டி போய்விடும், சந்தேகமும் போய்விடும். விட்டுவைத்தால் கத்தி இல்லை, ஆனால் ஸ்கேனுக்கு அலைய வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் முடிவை மாற்றியது கட்டியின் பெயர்.

சளி சுரக்கும் கட்டிகள் புற்றுநோயாக மாறக்கூடும். தெளிந்த நீர் நிரம்பிய சீரஸ் கட்டி அப்படி மாறுவது மிக மிக அரிது. இன்னும் அபூர்வமான லிம்போஎபிதீலியல் கட்டி (தோல் போன்ற உள்சுவரும், அதைச் சுற்றி லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களும் கொண்டது) தீங்கற்றது. பெரும்பாலும் நடுவயது ஆண்களுக்கு வருவது. சீரஸ் கட்டி சில சமயம் தேன்கூடு போல, நடுவில் தழும்போடு ஸ்கேனிலேயே காட்டிக்கொடுத்துவிடும். என்னுடையதில் அந்த அடையாளம் எதுவும் இல்லை.

அதனால் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் செய்தார்கள். வாய் வழியாகக் குழாயை இறக்கி, இரைப்பைச் சுவர் வழியே கட்டிக்குள் ஊசி போட்டு உறிஞ்சுவது. கட்டி நீரில் சிஇஏ என்ற புரதத்தின் அளவு மில்லிலிட்டருக்கு 192 நானோகிராமைத் தாண்டினால் சளிக்கட்டி என்று சந்தேகிப்பது வழக்கம். எனக்கு அதைவிடப் பல மடங்கு. அந்த எண்ணை மட்டும் நம்பியிருந்தால் நேரே அறுவை சிகிச்சை மேசைக்குத்தான் போயிருப்பேன். ஆனால் லிம்போஎபிதீலியல் கட்டியிலும் சிஇஏ ஏறும், சிஏ 19-9ம் ஏறும். சளிக்கட்டி நீரை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து இழுத்தால் நூல் போல நீளும். எனக்கு வந்தது நீளவில்லை. குழைத்த சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருந்ததாம். மைக்ரோஸ்கோப்பில் தோலின் மேலடுக்கு உதிர்ந்தது போன்ற செதில்கள், கூடவே லிம்போசைட்டுகள். சளி சுரக்கும் செல் ஒன்றுகூட இல்லை. எண் ஒன்று சொன்னது, செல் வேறு சொன்னது. செல்லை நம்பினோம்: லிம்போஎபிதீலியல் கட்டி.

கணையத்தின் வாலை எடுக்கும்போது பல சமயம் மண்ணீரலும் சேர்ந்து போகும். அதற்கென்று தடுப்பூசிகள் போட வேண்டும். வெட்டிய இடத்தில் கணைய நீர் கசியலாம். சர்க்கரை நோய் வரலாம், சிலருக்குச் சாப்பாட்டோடு என்சைம் மாத்திரையும் தேவைப்படும். தீங்கற்ற ஒரு கட்டிக்காக இத்தனையையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, எல்லோருக்கும் இதையே சொல்வேனா? மாட்டேன். ஊசியில் போதுமான செல் கிடைக்காமல் போவது உண்டு. கட்டி வளர்ந்தாலோ, வலித்தாலோ, பித்தக்குழாயை அழுத்தினாலோ கணக்கே வேறு. சளிக்கட்டி என்று உறுதியாகி, உடம்பும் தாங்கும் என்றால் நானே அறுவை சிகிச்சைக்குத்தான் போயிருப்பேன். அப்புறம், என் அனுபவம் ஒரே ஒரு கட்டியோடு, மூன்றே வருடம்தான்.

முதலில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐ, இப்போது வருடத்துக்கு ஒன்று. போன மாதம் எடுத்ததிலும் அதே 4 செ.மீ.தான்.