வலது குழலா, இடது குழலா: எஸ்ஜி தோட்டாவுக்கு எது ஒத்துவரும்?

குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது கடலூரில் முந்நூறு வருஷத்துப் பஞ்சாயத்து. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் கோட்டையோடு சேர்த்தி என்று பேச்சு. வெள்ளைக்காரன் சும்மா இருப்பானா, இருப்பதிலேயே நல்ல பீரங்கியைக் கொண்டுவந்து சுட்டான். குண்டு உப்பலவாடியும் குண்டு சாலையும் அந்தக் கணக்கில் வந்த இடப்பெயர்கள்.

அது ஒற்றைக் குண்டு. என்னிடம் இருப்பது தாத்தா விட்டுப்போன 12 போர் (அது குழல் அளவின் பெயர்) இரட்டைக்குழல் துப்பாக்கி. அதில் பெரிய குண்டுகள் அடைத்த எஸ்ஜி தோட்டா போட்டால் எட்டு ஒன்பது குண்டு ஒன்றாகக் கிளம்பும். எவ்வளவு சிதறும் என்பதுதான் இங்கே தகராறு.

தகராறு எனக்கும் பக்கத்துத் தெரு அண்ணனுக்கும். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது மஞ்சக்குப்பத்தில் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பவர். "இடது குழல்ல போடு தம்பி, ஃபுல் சோக்கு. கொத்தா போயி விழும், நான் சொல்றன்" என்பார். நான் வலது குழல் கட்சி.

குழலின் வாய்ப்பக்கம் கொஞ்சம் ஒடுங்கியிருப்பதைத்தான் சோக் என்கிறோம். தோட்டக் குழாயின் நுனியை விரலால் அழுத்திப் பிடிப்பது போல என்று பலரும் விளக்குவார்கள். அது தப்பான உவமை, அழுத்தினால் தண்ணீர் விசிறிதான் அடிக்கும். சோக் செய்வது நேரெதிர், ரவையை, அதாவது தோட்டாவில் உள்ள ஈயக் குண்டுகளை, குவித்து அனுப்புகிறது. 12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். சோக்கில் லேசான படியான இம்ப்ரூவ்டு சிலிண்டர் அதில் கால் மில்லிமீட்டர் ஒடுக்கும், மாடிஃபைடு அரை, ஃபுல் சோக் கிட்டத்தட்ட ஒன்று. என் துப்பாக்கியில் வலது மாடிஃபைடு, இடது ஃபுல். பழைய இரட்டைக்குழல்கள் பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

எல்லோரும் ஒப்பிக்கும் சதவீதம் ஒன்று உண்டு. 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் ஃபுல் சோக் 70, மாடிஃபைடு 60, இம்ப்ரூவ்டு சிலிண்டர் 50, ஒடுக்கமே இல்லாத குழல் 40. அண்ணனும் இதைத்தான் எடுத்துவிட்டார். இது நூற்றுக்கணக்கில் ரவை அடைத்த பறவைத் தோட்டாவுக்குப் போட்ட கணக்கு. ஒன்பது குண்டில் ஒன்று தப்பினாலே 11 சதவீதம் போச்சு, இதில் சதவீதம் எங்கே பார்ப்பது? பெரிய குண்டுக்கு வேறு சங்கதி இருக்கிறது, அது அளவுச் சிக்கல்.

மூன்று நெல்லிக்காயை ஒரு டம்ளரில் பக்கம் பக்கமாக உட்கார வையுங்கள். சரியாக உட்கார்ந்தால், அதைவிட ஒரு நூல் குறுகிய டம்ளருக்குள் அதே மூன்றையும் ஒரே அடுக்காக அழுத்திப் பாருங்கள். ஒன்று மேலே துள்ளும், இல்லையென்றால் தோல் நசுங்கும். எஸ்ஜி குண்டின் விட்டம் 8.4 மில்லிமீட்டர், அமெரிக்கக்காரர்கள் டபுள் ஆட் என்று சொல்வதும் ஏறக்குறைய இதே அளவுதான். மூன்று குண்டு ஒரு அடுக்காகப் போக 18.1 மில்லிமீட்டர் வாய் வேண்டும். குழல் 18.5, தாராளம். மாடிஃபைடு வாய் 18, உரசிக்கொண்டு நழுவிவிடும். ஃபுல் சோக்கின் வாய் 17.5. அங்கே ஈயம் நசுங்கும், அடுக்கு குலையும். நசுங்கிய குண்டு காற்றில் நேராகப் போகாது, கூட்டத்தை விட்டு விலகி ஓடும்.

எல்ஜி என்ற தோட்டாவின் குண்டு இன்னும் பெரிது, 9.1 மில்லிமீட்டர். அதில் மூன்றை ஒரே அடுக்காக வைக்கக் குழலிலேயே இடமில்லை, இரண்டிரண்டாகத்தான் போகும். அவுன்ஸுக்கு எல்ஜி ஆறு, எஸ்ஜி எட்டு. எல்ஜியில் ஒவ்வொரு குண்டுக்கும் கனம் கூடும், தாளில் விழும் ஓட்டை குறையும். சிதறலைச் சோதிக்க எனக்கு எஸ்ஜியே போதும் என்று விட்டுவிட்டேன்.

அனுமதி பெற்ற சுடுதளத்தில், பின்னால் மண்மேடு இருக்க, 20 மீட்டரில் நாளிதழை முழுசாக விரித்து ஒட்டிச் சுட்டோம். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு என்னைப் போன்றவர்களுக்குக் காகிதம்தான் கதி. முதலில் சாதாரணத் தோட்டா: மெத்தென்ற ஈயம், மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே நார் அட்டை அடைப்பு (வாட் என்பார்கள்), குண்டுகளுக்கு நடுவே எதுவும் நிரப்பாதது. வலது குழல் தாளெங்கும் ஒரே சீராகத் தூவியது. இடது குழலில் நடுவில் அழகான கொத்து. "பாத்தியா" என்றார் அண்ணன். எண்ணிப் பார்த்தால் இரண்டு குண்டைத் தாளில் காணோம். அவற்றில் ஒன்று மரச்சட்டத்தைப் பிய்த்திருந்தது.

அடுத்த பெட்டியில் கெட்டி ஈயக் குண்டுகள், இடுக்கெல்லாம் வெள்ளை பிளாஸ்டிக் தூள். வெடிக்கிற வேகத்தில் குண்டுகள் ஒன்றையொன்று நசுக்காமல் இருக்க அந்தத் தூள்தான் மெத்தை. முட்டை அட்டைக்குள் உமி போட்டு அனுப்புகிற அதே புத்தி. இந்த முறை இரண்டு குழலும் எல்லாக் குண்டையும் தாளுக்குள்ளேயே வைத்தன. இடது குழலின் வட்டம் கொஞ்சம் சிறியது, அவ்வளவுதான். குழலை மாற்றிக் கிடைத்ததைவிடப் பெட்டியை மாற்றிக் கிடைத்த வித்தியாசம் பெரிது. தூக்கத்திலும் "ஃபுல் சோக்கு" என்பவர் அன்று அந்தப் பெட்டியின் மூடியைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். குழலுக்கு இரண்டு இரண்டு தோட்டாதான் சுட்டோம். லைசென்ஸில் எழுதின எண்ணிக்கைக்கு மேல் வாங்க முடியாது, விலையும் விலை. இன்னொரு துப்பாக்கியில் ஃபுல் சோக்கே ஜெயிக்கலாம், குழலுக்குக் குழல் குணம் மாறும்.

அமெரிக்காவில் ஃபெடரல் கம்பெனி ஃப்ளைட்கன்ட்ரோல் என்று ஒரு வாட் போடுகிறது. குழலைத் தாண்டிய பிறகும் குண்டுகளைக் கிண்ணம் போலப் பிடித்துக்கொண்டு போய், பின்பக்கச் சிறகு விரிந்து பிரேக் போட்டபிறகுதான் விடும். ஒடுக்கமில்லாத குழலில் சாதாரணத் தோட்டா கஜத்துக்கு ஓர் அங்குலம் விரியும் என்பது பழைய உத்தேசக் கணக்கு. இந்த வாட் அதில் பாதிகூட விரியவிடாது. வேடிக்கை என்னவென்றால் இதற்கு ஒடுக்கமில்லாத குழலும் இம்ப்ரூவ்டு சிலிண்டரும்தான் உகந்தவை. ஃபுல் சோக்கில் விட்டால் வாட் கசங்கி, சிதறல் கூடவும் செய்யும். நம்ம ஊர்க் கடைகளில் நான் பார்த்ததில்லை, பார்த்தால் கேட்காமல் விடமாட்டேன்.

அண்ணனுடைய வங்கி வாசலுக்கு வருவோம். கதவிலிருந்து கேஷ் கவுண்டர் ஐந்தாறு மீட்டர். அந்தத் தூரத்தில் எந்தச் சோக்காக இருந்தாலும் எல்லாக் குண்டும் விரித்த கையகலத்துக்குள் போய்விடும். குடை விரிகிற மாதிரி சிதறும், குறி பார்க்கவே வேண்டாம் என்பதெல்லாம் சினிமா. எதிர்ச்சாரி டீக்கடைவரை போகும் குண்டுக்குத்தான் சோக் கணக்கு. அங்கே தாளை விட்டுத் தப்பிய அந்த இரண்டு எங்கே போகும் என்றுதான் கவலைப்பட வேண்டும். இதைச் சொன்னதும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இன்னொன்றும் உண்டு, கடற்கரை ஊர் என்பதால். ஐப்பசி மழையில் பழைய காகிதத் தோட்டா ஊதிப்போய்க் குழலுக்குள் ஏறாது. உப்புக்காற்று பட்ட குழல் வாயில் துரு பிடித்தால் சோக் அளவே சந்தேகம். தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது அந்த வாயைத்தான். அங்கே யார் எண்ணெய் போடுவார்கள்?

இப்போதைக்கு வலது குழல், தூள் நிரப்பிய எஸ்ஜி என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். சுட்ட தாள்களில் தேதி போட்டுச் சுருட்டி அலமாரி மேல் வைத்திருக்கிறேன். சாதாரணத் தோட்டாவில் இடது குழல் சுட்ட தாளை மட்டும் அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.